பெல்ட் கட்டிய பெட்டி

"இன்னொரு சுத்து சுத்தினா பெட்டிக்கு மூச்சு முட்டிடும்."

"முட்டட்டுமே. போய்ச் சேர்ற வரைக்கும் அது மூச்சு விட்டு என்ன ஆகப்போகுது?"

"அங்க போய் நான் எப்படித் திறக்கறது?"

"உன் தம்பிக்குப் பல்லு நல்லாத்தானே இருக்கு?"

டேப் கிழிகிற சத்தம் சமையலறையை நிறைத்தது. அக்கா பெட்டியின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கணவர் கையில் டேப் இருக்கும்போது அவரோடு பேசுவதும் தூங்குகிறவரோடு பேசுவதும் ஒன்றுதான்.

பார்சல் ஆபீஸில் பொட்டலம் கட்டுவது அவர் வேலை. தெருவில் அவருக்கு 'டேப்பு' என்று பெயர். விரிசல் விட்ட வாளி, கைப்பிடி உடைந்த குடை, டிவி ரிமோட் என்று வீட்டில் பாதிப் பொருட்கள் அவர் புண்ணியத்தில் இரண்டாவது வாழ்க்கை வாழ்ந்துகொண்டிருந்தன. அவர் மார்பில் துணியால் கட்டியிருந்த மகள் குண்டு ஒருத்திதான் இன்னும் டேப் ஒட்டப்படாதவள். அவளும் எச்சில் வழியும் வாயால் டேப் உருளையைக் கவ்வப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேஜைமேல் இருந்தது ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி. அதற்குள் அக்காவின் தாய்ப்பால். தட்டையான சிறு பைகளில் ஊற்றி, உறைய வைத்து, இன்னும் யாரும் பிரித்துப் படிக்காத மெல்லிய புத்தகங்களைப் போல நெருக்கமாக அடுக்கியிருந்தாள்.

அக்காவுக்குப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. ஒரு பேருந்துக்கும் அடுத்த பேருந்துக்கும் நடுவில், மைக்கை அணைத்துவிட்டு, அந்தச் சின்னக் கண்ணாடி அறையின் திரையை இழுத்து மூடிக்கொண்டு சேர்த்த பால் இது. குண்டு குடித்தது போக எப்போதும் மிஞ்சும். எதற்கென்று தெரியாமலே ஃப்ரீசரில் வைத்துக்கொண்டு வந்தாள். போன வாரம் தம்பியின் போன் வந்தபோதுதான் எதற்கென்று தெரிந்தது.

இரண்டு வருஷமாகப் பேசாதவன், எடுத்த எடுப்பில் அழுதான். குழந்தை நாள் ஆவதற்கு ரொம்ப முன்னாலேயே பிறந்துவிட்டது. பெண். உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. தாய்க்கு ரத்தத்தில் கிருமி. கொடுக்கிற மருந்துகள் கடுமையானவை என்பதால் அவள் பாலைக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்றுவிட்டார்கள். இப்போது அந்தப் பாலும் வற்றிவிட்டது. பவுடர் பால் குழந்தையின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"அக்கா, உன்கிட்ட பால் இருக்குமா?"

ரத்தப் பரிசோதனை எல்லாம் செய்து அனுப்பினாள். ஆஸ்பத்திரியும் சரி என்றது. ஆனால் அங்கே பால் அறையைப் பார்த்துக்கொள்கிற நர்ஸ் போனில் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"உறைஞ்சே வந்துச்சுன்னா ரொம்ப நாளைக்கு வச்சுக் குடுக்கலாம். வழியில உருகிட்டா ஒரு நாளைக்குள்ள குடுத்தாகணும். மறுபடி உறைய வைக்கக் கூடாது. மிச்சத்தைக் கொட்டத்தான் வேணும்மா. எனக்கும் அதைச் சொல்லக் கஷ்டமா இருக்கு."

ரயிலில் போனால் நிச்சயம் உருகிவிடும். அதனால்தான் விமானம்.

தம்பியோடு பேச்சு நின்றதும் ஒரு பெட்டியால்தான். ஒரே ஊரில் இருந்த காலத்தில் ஞாயிறு தவறாமல் அக்கா சமைத்து ஒரு பெரிய டப்பாவில் தம்பி வீட்டுக்குக் கொடுத்தனுப்புவாள். ஒரு ஞாயிறு அந்த டப்பா, போனது போலவே நிறைந்து திரும்பி வந்தது. "இனிமே வேண்டாம்னு அவ சொல்லச் சொன்னா," என்றான் தம்பி, மனைவியின் பேரைச் சொல்லாமல், தரையைப் பார்த்தபடி. அதன்பிறகு அவர்கள் ஊர் மாறிப் போனார்கள்.

"திருப்பி அனுப்புவாளோ?" என்றாள் அக்கா இப்போது, கதவைப் பூட்டும்போது.

"யாரு?"

"அவதான்."

டேப்பு பெட்டியை ஒரு தோளில் தூக்கினார். "நான் ஒட்டினதை யாரும் அவ்வளவு சுலபமாத் திருப்பி அனுப்ப முடியாது."

விமான நிலையத்துக்குள் பார்வையாளர் சீட்டு வாங்கி டேப்பும் கூடவே வந்தார். கவுன்டரில் இருந்த பெண் பெட்டியை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"உள்ள என்ன?"

"தாய்ப்பால். உறைய வச்சது."

"குளிருக்கு?"

"ட்ரை ஐஸ்," என்றார் டேப்பு. மீன் ஏற்றுமதி செய்கிற வாடிக்கையாளர் ஒருவரிடம் நேற்று கேட்டு வாங்கியது. தண்ணீராகாமல் அப்படியே ஆவியாகிப் போகிற ஐஸ். அதைக் கண்டுபிடித்ததே அவர்தான் என்பது போல இரண்டு நாளாக வீட்டில் பேச்சு.

கவுன்டர் பெண்ணின் விரல்கள் விசைப்பலகை மேல் நின்றுவிட்டன.

"சார், அதுக்கு முன்னாடியே சொல்லி அனுமதி வாங்கியிருக்கணும். அது ஒண்ணு. இன்னொண்ணு, அது ஆவியாகிட்டே இருக்கும். வெளிய போக வழி வேணும். நீங்க எறும்பு நுழையக்கூட இடம் விடல. உள்ளயே அடைஞ்சு வெடிச்சா என்ன பண்றது? பெட்டி மூச்சு விடணும் சார்."

அக்கா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். சமையலறையில் அவள் சொன்னது இப்போதுதான் அவர் காதில் நன்றாக விழுந்தது.

"இப்ப என்ன பண்றது?" என்றார் அவர், குரல் இறங்கி.

"அந்த ஐஸை எடுத்துடுங்க. வேற ஏதாவது உறைஞ்ச பொருளை வச்சுக் கொண்டாங்க. கையிலயே எடுத்துட்டுப் போகலாம், நான் சொல்லி வைக்கறேன். ஆனா டேப் கூடாது. சோதனையில எப்படியும் திறப்பாங்க."

கத்தியோ கத்தரிக்கோலோ கையில் இல்லாத ஆட்கள் மட்டும் கூடியிருக்கும் இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான். டேப்பு தரையில் உட்கார்ந்து வீட்டுச் சாவியால் சுரண்டினார். ஒன்றும் நகரவில்லை. வரிசையில் நின்ற ஒரு கல்லூரிப் பெண் முதுகுப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நீளமான நகங்கள்.

"சார், யார் இதை ஒட்டினது?"

"நான்தான்மா."

"கஜானாவா உள்ள இருக்கு?"

"அதைவிட மேல," என்றார் அவர்.

அவள் நகம் ஒன்று உடைந்தது. அடுத்த நகம் ஒரு முனையைப் பிடித்தது. பிறகு டேப் நீண்டு நீண்டு வந்தது, ஒரு பாம்புச் சட்டையைப் போல. மூடியைத் திறந்ததும் வெள்ளைப் புகை விளிம்பு தாண்டி வழிந்து, பளபளத்த தரையில் மெதுவாக ஊர்ந்தது. பெட்டிகளை உருட்டிக்கொண்டு போனவர்கள் கொஞ்சம் நின்று பார்த்தார்கள். குண்டு அப்பாவின் மார்பிலிருந்து எட்டிப் பார்த்து, கை நீட்டிச் சிரித்தாள். ஒரு கணம் அந்த இடம் விமான நிலையமாகவே இல்லை. மேகம் ஒன்று வழிதவறி உள்ளே வந்துவிட்டது போலிருந்தது.

கையுறை போட்ட ஊழியர் ஒருவர் வந்து ட்ரை ஐஸை எடுத்துப் போனார்.

இனி ஒவ்வொரு நிமிஷமும் பால் வெதுவெதுப்பை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். அக்கா மூலையிலிருந்த காபிக் கடைக்கு ஓடினாள்.

"உறைஞ்ச உருளைக்கிழங்கு இருக்கா?"

"பொரிச்சுத் தர்றேன் மேடம், உட்காருங்க."

"பொரிக்க வேண்டாம். பையோட அப்படியே வேணும்."

கடைக்காரர் ஒரு விநாடி யோசித்தார். "கெச்சப்?"

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தம்பி குழந்தை, பால், ட்ரை ஐஸ் என்று முன்னும் பின்னுமாகச் சொன்னாள். அவர் பாதியிலேயே உள்ளே போய்விட்டார். வரும்போது இரண்டு கைகளிலும் பைகள். உருளைக்கிழங்கு, பச்சைப் பட்டாணி, இன்னும் ஏதோ.

"இவ்வளவும் எதுக்குங்க?"

"எடுத்துட்டுப் போங்க. இன்னைக்கு உருளைக்கிழங்கு இல்லைன்னு போர்டு வச்சுடறேன். ஒரு நாள் பொரிச்சது சாப்பிடலைன்னா யாரும் இளைச்சுட மாட்டாங்க."

டேப்பு மறுபடி அடுக்கினார். அடியில் பட்டாணி, சுற்றிலும் உருளைக்கிழங்கு, நடுவில் பால், மேலே மீண்டும் பட்டாணி. இண்டு இடுக்கெல்லாம் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்தார். "காத்துதான் எதிரி," என்று முணுமுணுத்தார். அவர் கைகளுக்குத் தைரியம் திரும்பியிருந்தது. மூடியை வைத்தபிறகுதான் அந்தக் கைகள் நின்றன. பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போய், டேப் உருளையைத் தொட்டு, வெறுமனே திரும்பி வந்தன.

ஒரு பெட்டியை ஒட்டாமல் அனுப்புவது அவருக்கு இதுதான் முதல் தடவை.

சட்டென்று இடுப்பிலிருந்த பெல்ட்டைக் கழற்றினார். பெட்டியைச் சுற்றி இழுத்து, கடைசி ஓட்டையில் மாட்டினார்.

"பேன்ட்டு?" என்றாள் அக்கா.

"ஒரு கையால பிடிச்சுக்கறேன்."

"குண்டு?"

"அவளைத்தான் துணியால கட்டியிருக்கே. எனக்குத்தான் இப்ப கட்டு இல்ல."

குண்டுவின் உச்சந்தலையில் முத்தமிட்டாள். புறப்படும் முன்தான் பால் கொடுத்திருந்தாள். கஞ்சி சாப்பிடுவாள், பழம் சாப்பிடுவாள், ஆனால் தூங்கப் போகும்போது அம்மாவின் மடியைத் தவிர வேறெதையும் ஏற்காத பிள்ளை. நாளைக் காலை விமானத்தில் திரும்பிவிடலாம். ஒரு ராத்திரிதானே.

திரும்பிப் பார்த்தபோது, கணவர் ஒரு கையால் குழந்தையின் கையை ஆட்டிக்கொண்டும், மறு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டும் நின்றார். அவரைப் போல ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டதற்கு அவள் இதுவரை யாருக்கும் நன்றி சொன்னதில்லை. சொல்லலாம் என்று தோன்றியது.

சோதனையில் இருந்த பெண் அதிகாரி பெல்ட்டை அவிழ்த்தார்.

"இது என்ன பால்?"

"என் பால்தான்."

அதிகாரி கையுறையோடு ஒரு பையை விரலால் தட்டிப் பார்த்தார். கண்ணாடியைத் தட்டியது போல ஒலித்தது.

"கல்லு மாதிரி இருக்கு." அவரே அவசரமாக மூடினார். "திறந்து வச்சுட்டு என்ன பாத்துட்டிருக்கீங்க? குளிர் போயிடும். கிளம்புங்க, கிளம்புங்க."

விமானம் கதவை மூடிக்கொண்டு ஓடுபாதையில் வெகுநேரம் நின்றது. தாமதத்துக்கு வருந்துவதாக ஒலிபெருக்கியில் ஒரு குரல் விறுவிறுவென்று சொல்லி முடித்தது. மன்னிப்புக் கேட்கும்போது அவசரப்படக் கூடாது என்று அக்கா எப்போதும் நினைப்பாள். தன் கண்ணாடி அறையில் அந்த இடத்தில் மட்டும் நிதானமாகச் சொல்வாள். இன்று அதைப் பற்றிக் கோபப்படக்கூட நேரமில்லை. முன் இருக்கையின் அடியில் வைத்திருந்த பெட்டியின் பக்கத்தைத் தொட்டாள். வெளியே லேசாக வியர்த்திருந்தது. வெயில் ஜன்னல் வழியாகச் சாய்வாக அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது.

பக்கத்து இருக்கையில் மடியில் தடித்த கம்பளிக் கோட்டோடு ஒரு மனிதர். பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவராம். குளிர்ப் பிரதேசம் ஒன்றுக்கு வேலையாகப் போகிறார்.

"இதைப் போத்தி விடுங்க," என்று கோட்டை நீட்டினார்.

"ஐயோ, கம்பளிங்க. சூடாயிடாதா?"

"கம்பளி தானா சூடு தராதும்மா. உள்ள இருக்கறது வெளிய போகாமப் பாத்துக்கும், வெளிய இருக்கறது உள்ள போகாமப் பாத்துக்கும். பியானோவை வண்டியில ஏத்தறப்ப நாங்க இப்படித்தான் போத்தறது."

இருவரும் குனிந்து, தூங்கும் குழந்தைக்குப் போர்த்துவது போலப் பெட்டிக்குப் போர்த்தினார்கள்.

"என்ன இருக்கு உள்ள?" என்றார் பிறகு.

சொன்னாள். அவர் குனிந்து கோட்டின் ஓரத்தை இன்னும் கொஞ்சம் இழுத்து விட்டார். "அப்ப நாம மூணு பேர் போறோம்," என்றார்.

இறங்கும்போது கோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் அதை உதறவில்லை. ஈரமாக இருந்த பக்கத்தை மட்டும் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

தம்பி வெளியே காத்திருந்தான். முகம் பாதியாகியிருந்தது. அக்காவைப் பார்ப்பதற்கு முன் பெட்டியைப் பார்த்தான்.

"இது மாமா பெல்ட்டுல்ல?"

"ஆமா."

"அப்ப மாமா?"

"பேன்ட்டைப் பிடிச்சுட்டு வீட்டுக்குப் போயிருப்பாரு."

தம்பி சிரித்தான். சிரித்துக்கொண்டே அழுதான். "எத்தனை நாளாச்சுக்கா நான் சிரிச்சு."

ஆஸ்பத்திரியின் பால் அறை, அக்காவின் அறிவிப்பு அறை அளவுதான் இருந்தது. போனில் பேசிய நர்ஸ் பெல்ட்டை அவிழ்த்து, பட்டாணியை ஒதுக்கினார். ஒவ்வொரு பையாக எடுத்து, விரலால் அழுத்திப் பார்த்து வைத்தார். அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. விரல்களை மட்டும் பார்த்தாள். உலகம் முழுவதும் அந்த விரல் நுனியில் நின்றது.

"இது ஓரத்துல இருந்திருக்கு. இளகிடுச்சு," என்று இரண்டு பைகளைத் தனியே வைத்தார்.

தம்பி சுவரில் சாய்ந்தான்.

"மத்ததெல்லாம் கல்லு," என்றார் நர்ஸ். "எல்லாம். ரொம்ப நாளைக்கு வரும். இளகினதை இப்பவே குடுத்துடலாம், வீணாகாது. பசியோடதான் இருக்கா."

கண்ணாடிப் பெட்டிக்குள் பொடிசு தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் வேறு பெயர் இல்லை. மூக்கு வழியாகப் போன மெல்லிய குழாயில் பால் ஒரு நூல் போல இறங்கியது. உறங்கும் வாய் எதையோ கண்டுகொண்டது போல ஒருமுறை சப்பியது.

அக்காவுக்கு அப்போது மைக் வேண்டும் போலிருந்தது. பயணிகளின் கவனத்துக்கு, காபிக் கடைக்காரரே, நகம் உடைந்த பெண்ணே, பியானோக்காரரே, நீங்கள் எந்த ஊரில் எந்த வாசலில் நின்றுகொண்டிருந்தாலும் சரி, வந்து சேர்ந்துவிட்டது. நிதானமாகச் சொல்வாள். இரண்டு முறை சொல்வாள்.

மேல் மாடியில் தம்பி மனைவி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் ஊசிக்குழாய். உதடுகள் வெடித்திருந்தன. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரே நாற்காலியில் அக்கா உட்கார்ந்தாள். தம்பி கதவுக்கு அருகிலேயே நின்றுவிட்டான்.

"குடிச்சாளா?"

"குடிச்சா. சப்பினா கூட."

தம்பி மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அண்ணி, அன்னைக்கு டப்பாவைத் திருப்பி அனுப்பினேன்ல."

"அது எதுக்கு இப்ப? மூடியைக்கூடத் திறக்காம அனுப்பினே, நானும் மறந்துட்டேன்." மறக்கவில்லை என்பது சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

"திறந்தேன்."

"என்ன?"

"திறந்து நாலு வாய் சாப்பிட்டேன். அப்புறம் கரண்டியால மேல சமமாத் தடவிட்டு மூடினேன்."

கதவருகே தம்பி வாயைப் பொத்திக்கொண்டான்.

"நல்லா இல்லையா?" என்றாள் அக்கா.

"ரொம்ப நல்லா இருந்துச்சு. அதான் கோவம். நான் காலையிலேருந்து சமைச்சு வச்சிருந்தேன். அவரு உங்க டப்பாவைப் பார்த்ததும் என் பாத்திரத்தைத் திறக்கக்கூட இல்ல. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும். உங்க மேல கோவப்படறது சுலபமா இருந்துச்சு."

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஊசிக்குழாயின் மேல் திடீரென்று மிகுந்த அக்கறை காட்டினான்.

"ஆக ரெண்டு வருஷம் நாம சண்டை போட்டது இவனாலயா?"

"ஆமா அண்ணி."

"எனக்கு அப்பவே தெரியல பாரு."

இருவரும் சிரித்தார்கள். தம்பி மனைவிக்குச் சிரித்ததில் வலித்தது. வலியோடு இன்னும் கொஞ்சம் சிரித்தாள். அக்கா அவள் கையை, ஊசி இல்லாத கையை, எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சூடாக இருந்தது. எதையாவது உறையவைக்காமல் வைத்திருக்க வேண்டுமென்றால் அது இதுதான் என்று நினைத்தாள்.

போன் அடித்தது. டேப்பு.

"போய்ச் சேர்ந்துச்சா?"

"கல்லு மாதிரி சேர்ந்துச்சுங்க. ரெண்டே ரெண்டுதான் இளகுச்சு."

அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு. அதற்குப் பின்னால், தூரத்தில், தொண்டை கட்டிப்போன ஒரு அழுகை.

"குண்டு என்ன பண்றா?"

"அவளா? சமத்தா இருக்கா."

"அழற மாதிரி கேக்குதே."

"அது… பக்கத்து வீட்டு டிவி." அழுகை கிட்டே வந்தது. டிவிக்குக் கால் முளைத்துவிட்டது போல. "புட்டியைத் தட்டி விட்டுட்டா. ரெண்டு தடவை. பரவால்ல, நீ காலையில வந்துடுவேல்ல. அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன்."

போனை வைத்தபோது தம்பி மனைவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

அவள் கதவுப் பக்கம் பார்த்தாள். தம்பி புரிந்துகொண்டு வெளியே போனான். ஜன்னலுக்கு வெளியே ஒரு விமானம் விளக்குகளோடு தாழ்ந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணி, டாக்டர் இன்னைக்கு வந்தாங்க. பொடிசுக்கு நாளையிலேருந்து குழாயை விட்டுட்டு வாயால பழக்கிப் பாக்கலாம்னாங்க. கொஞ்சம் கொஞ்சமா. மொதத் தடவை. நான் மடியில வச்சுக்கலாம், குடுக்க முடியாது. நீங்க சம்மதிச்சா உங்களை வச்சே பழக்கலாமான்னு கேட்டேன். அவங்க சரின்னாங்க."

அக்காவின் பார்வை கையிலிருந்த போனுக்குப் போனது.

"எனக்குக் காதில விழுந்துச்சு, குண்டு அழறது. கேக்கக் கூடாதுன்னுதான் பாத்தேன்." வெடித்த உதடுகளை நாக்கால் நனைத்துக்கொண்டாள். "ரொம்ப நாள் வேண்டாம் அண்ணி. அவ கத்துக்கற வரைக்கும். காலையில போற விமானத்தை விட்டுட்டு, இங்க என் பக்கத்துல உக்காந்து, நீங்களே அவளுக்குக் குடுக்கறீங்களா?"